இரண்டாவது தொண்டை

டில்லிக்காரர்களின் மெட்டல் இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றிக் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவானேன் என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் நண்பர்களிலேயே உண்டு. அவர்களுக்குச் சமாதானம் சொல்வதைவிட விஷயத்துக்குப் போய்விடலாம். 'ப்ளடிவுட்' என்ற குழுவின் 'ரக்ஷக்' (2022) என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் இரைச்சலால் அல்ல. அது ஒரு கலவை என்பதாலும் அல்ல. கலவை இன்று கடைச்சரக்கு. ஏற்கெனவே ஒரு குரல் இருந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு குரல் வந்து உட்காருகிறது. வந்த குரல் எந்த வேலையை எடுத்துக்கொண்டது, இருந்த குரலுக்கு எந்த வேலையை விட்டுவைத்தது என்பதுதான் கேள்வி. பேச்சுவழக்கையும் எழுத்து நடையையும் ஒரே பக்கத்தில் வைத்து அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிற இந்தக் கரிசல் பிரதேசத்தில் அந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குழு 2016இல் டில்லியில் உருவாயிற்று. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த கரண் கட்டியார் கிட்டாரும் புல்லாங்குழலும் வாசிக்கிறார். இசையமைப்பும் ஒலிப்பதிவு வேலையும் அவருடையவை. பாடுகிறவர் ஜெயந்த் பதூலா. ஆரம்பத்தில் இவர்கள் செய்தது வெறும் கேலி. பிரபலமான பாப் பாட்டுகளையும் சினிமாப் பாட்டுகளையும் எடுத்து மெட்டலாக முறுக்கி இணையத்தில் விட்டார்கள். 2017இல் வந்த 'ஆன்ட்டி-பாப்' முதல் தொகுதி இந்த வகைதான். குழுவின் பெயரே பாலிவுட்டை வைத்துச் செய்த சிலேடை. 2018இல் 'ஆரி ஆரி' என்ற பஞ்சாபிப் பாட்டை எடுத்துக்கொண்டபோது ரவுல் கெர் என்ற ராப் பாடகர் அதில் விருந்தாளியாக வந்தார். வந்தவர் போகவில்லை. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் அவரும் இருந்தார். 2022 பிப்ரவரி 18 அன்று, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தாங்களே வெளியிட்ட 'ரக்ஷக்' பத்துப் பாட்டுகள் கொண்டது. சொந்தப் பாட்டுகளால் ஆன முதல் தொகுப்பு. ஆக, கேலியிலிருந்து தீவிரத்துக்கு நகர்ந்ததும் புதிய குரல் வந்ததும் ஒரே நிகழ்ச்சி. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கேலி செய்கிறவனுக்கு விளக்கம் தேவையில்லை. தீவிரமாகப் பேச நினைத்தவுடன்தான் தன் பேச்சு புரியுமா என்ற பயம் வருகிறது.

மெட்டல் என்றால் காதைப் பொத்திக்கொள்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கிட்டாரின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்குகிறார்கள். ஒலியை மின்சாரத்தால் வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கியபடி வெட்டி வெட்டி மீட்டுகிறார்கள். ஒரு சிறிய சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு ரிஃப் என்று பெயர். கீழே இரண்டு கால்களாலும் மிதித்து அடிக்கிற டிரம். இதற்கெல்லாம் மேலே ஒரு மனிதன் உறுமுகிறான். குரல் நாண்களுக்கு மேலே கிடக்கிற போலி மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. பயிற்சி இல்லாமல் செய்தால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும்.

இந்தக் குரல் நமக்குப் புதிதென்று யார் சொன்னது? கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் சாமி இறங்குகிறபோது, பகலில் பருத்திக்காட்டில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதனிடமிருந்து வருகிற குரல் எது? அதில் ஸ்வரம் இல்லை, சொல்லும் அநேகமாக இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் அது புரியாமல் இருப்பதில்லை. ஜமீன் கோடாங்கிபட்டியின் தேவராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துமி அடிக்கிறது, கால்கள் பதில் சொல்கின்றன. குரல் என்பதே அங்கே உபரி. மறுபக்கம் காருகுறிச்சி அருணாசலம். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் இந்த ஊரிலேயே மறைந்தவர். சிலையாக இன்றும் இங்கே நிற்கிறார். திறந்தவெளிக்கென்றே பிறந்த ஒரு முரட்டுக் கருவியை வாய்ப்பாட்டின் குழைவுக்குக் கொண்டுபோனவர். நாதஸ்வரக்காரர் தன் கருவியைத் தொண்டையாக்கப் பாடுபடுகிறார். மெட்டல் பாடகன் தன் தொண்டையைக் கருவியாக்கப் பாடுபடுகிறான். இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் நம் காது வளர்ந்திருக்கிறது. கர்நாடக சங்கீத சபாக்களில் வளர்ந்த காதைவிட இது மெட்டலுக்குப் பக்கத்தில் இருப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது.

'ரக்ஷக்'கில் கலப்பு நிஜமாகவே நடந்திருக்கிற இடம் ஒன்று உண்டு. அது டோல். சார்த்தக் பஹ்வா வாசிக்கிறார். பஞ்சாபிகளின் இந்த மேளம் தவிலுக்குத் தூரத்துப் பங்காளி. தவிலில் வலந்தலைக்கு விரல்களில் கூடு, தொப்பிக்குக் குச்சி. டோலில் இரண்டு முகத்துக்கும் குச்சிதான்: கனத்த முகத்துக்கு வளைந்த தடிக்குச்சி, மெல்லிய முகத்துக்குச் சன்னமான குச்சி. சங்கடம் என்னவென்றால், மெட்டல் இசையில் கீழ் ஸ்தாயி முழுவதையும் ஏற்கெனவே கால் டிரம்மும் தளர்த்திய கிட்டாரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. டோலின் கனத்த முகம் அங்கே போய் நின்றால் அமுங்கிப்போகும். அல்லது இரட்டிப்பாகிக் குழம்பும். நம் ஊரில் கீபோர்டோடும் பெரிய ஒலிபெருக்கிகளோடும் சேர்த்து நையாண்டி மேளம் வைக்கிறவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்கள்; தவில்காரர் கை வலிக்க அடித்தும் கேட்பது கீபோர்டு மட்டுமே. கட்டியார் இதைச் சமாளித்திருக்கும் விதம் கெட்டிக்காரத்தனமானது. டோலுக்கு இடம் கொடுப்பதற்காகக் கிட்டாரின் நடையையே மாற்றியிருக்கிறார். மெட்டலின் இயல்பான நடை சதுரம். நாலு நாலாக அறுத்துவைத்த நடை. பாங்க்ராவின் நடை அப்படியல்ல. அதன் எட்டு அடிகளில் ஒரு சாய்வு, ஒரு துள்ளல், ஒன்று நீண்டு அடுத்தது குறுகுகிற ஓர் அலட்சியம் இருக்கிறது. 'மச்சி பஸத்', 'தனா தன்' இரண்டிலும் ரிஃப் அந்தச் சாய்வைக் கற்றுக்கொண்டு நடக்கிறது. டோலை எடுத்துவிட்டாலும் கிட்டாரில் டோல் மிஞ்சும். கலப்பு என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது: ஒன்றை எடுத்துவிட்ட பிறகும் மற்றதில் அதன் வடு இருக்கவேண்டும்.

இதே சோதனையைக் குரல்களுக்கு வைத்தால் என்ன ஆகிறது?

பதூலா பெரும்பாலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் பாடுகிறார், உறுமுகிறார். ரவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் செய்கிறார். ராப் என்பது பாட்டல்ல, தாளத்தின் மேல் நடக்கும் பேச்சு. அதில் வாதம் செய்யலாம், குற்றம் சாட்டலாம், நிரூபிக்கலாம். கெர் இதைச் சுத்தமாகச் செய்கிறார். உச்சரிப்பு தெளிவு, மூச்சுக் கட்டுப்பாடு நன்று, தாளம் தவறுவதில்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேலைப் பிரிவினை ஒன்றேதான். பல்லவியில் உடம்பு இந்தியில் கத்துகிறது. சரணத்தில் மூளை ஆங்கிலத்தில் விளக்குகிறது. கோபம் தாய்மொழிக்கு, காரணம் ஆங்கிலத்துக்கு.

'கத்தார்' என்ற முதல் பாட்டையே பார்க்கலாம். துரோகி என்று அர்த்தம். 2020 ஜனவரியில் டில்லித் தேர்தல் பிரசாரத்தில் எதிர்ப்பாளர்களின் மேல் கோஷமாக வீசப்பட்ட சொல் இது. அதே ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைப் பிடுங்கி, மதத்தை அரசியலாக்கிப் பிரிவினை செய்கிறவர்களின் பக்கமே திருப்பி வீசுகிறார்கள். ஒரே சொல்தான், அதை உறுமலில் கேட்கிறபோது மேடையும் கூட்டமும் கோஷமும் எல்லாம் தலைகீழாகின்றன. கலை செய்யவேண்டியதை அந்த ஒரு சொல் செய்துமுடித்துவிட்டது. அதற்கப்புறம் ஆங்கிலம் வந்து, நடந்தது என்ன, அது ஏன் தவறு, நாம் என்ன செய்யவேண்டும் என்று எடுத்துச் சொல்கிறது. சொல்வதெல்லாம் நியாயம். நான் மறுக்கிற கருத்து ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் ஓர் அறை விழுந்த பிறகு அறைந்ததற்கான காரணங்களைப் படித்துக் காட்டினால் கன்னத்தின் எரிச்சல் ஆறிவிடுகிறது. 'தனா தன்' பெண்களின் மேல் கைவைக்கிறவர்களைப் பற்றியது. 'ஜீ வீரே' மனச்சோர்வைப் பற்றியது. 'எண்டியூரன்ட்' பலவீனமானவர்களைச் சீண்டித் துன்புறுத்துவதைப் பற்றியது. விஷயங்களின் பட்டியலே நல்லெண்ணப் பட்டியலாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பொழிப்புரை. வானம்பாடிகளின் மேடைக்கவிதையைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுபதுகளில் என்ன சொல்லிச் சண்டையிட்டனவோ, அதை வார்த்தை மாற்றாமல் இங்கேயும் சொல்லலாம்.

இரண்டு தொண்டைகள் என்பது மெட்டலில் இவர்கள் கண்டுபிடித்ததல்ல. 'லிங்கின் பார்க்' என்ற அமெரிக்கக் குழுவின் 'ஹைப்ரிட் தியரி' (2000) இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பிற்று. அங்கேயும் புதிய குரல் ஒன்று வந்ததுதான் கதை. ஆனால் வரிசை வேறு. அங்கே ராப் பாடுகிற மைக் ஷினோடா வீட்டுக்காரர். 1999இல் வெளியிலிருந்து வந்து சேர்ந்த செஸ்டர் பென்னிங்டன்தான் அலறுகிறவர். நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் காயம்பட்ட ஒருவன் நுழைகிறான். நுழைந்தபின் அந்த வீட்டின் நிதானப் பேச்சு எதுவும் பழையபடி இருக்க முடியவில்லை. ராப் ஒன்றை விளக்க ஆரம்பிக்கிறது, அலறல் அதை முடிக்கவிடாமல் குலைக்கிறது. இரண்டும் ஒரே மொழி. ஒரே மனத்தின் இரண்டு அறைகள் என்று கேட்கிறவனுக்குத் தோன்றிவிடுகிறது. பென்னிங்டன் 2017இல் தற்கொலை செய்துகொண்டார். எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைப் பாடவைத்து அவர்கள் 2024இல் 'ஃப்ரம் ஜீரோ' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தபோது அந்த வடிவம் அப்படியே நிற்கிறது, குலைப்பதற்கு ஆள் இருப்பதால். 'ப்ளடிவுட்'டில் காயம்பட்டவன் வீட்டுக்காரன். வந்து சேர்ந்தவர் விளக்குகிறவர். வந்தவர் எதையும் குலைக்கவில்லை. காயத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது இன்ன காயம் என்று வெளியே நிற்கிறவர்களுக்கு அறிவிக்கிறார்.

வில்லுப்பாட்டில் இரண்டாவது ஆள் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வில்லில் வீசுகோலைத் தட்டிப் புலவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துகிறார். இடப்பக்கத்தில் குடத்தைப் பத்தியால் அடிக்கிறவரோ உடுக்கைக்காரரோ "ஆமா" என்கிறார். அந்த 'ஆமா' வெறும் ஆமோதிப்பல்ல. சில சமயம் அது சந்தேகம், சில சமயம் கிண்டல், சில சமயம் "போதும், கதையை நகர்த்து" என்கிற அவசரம். அவர் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்பார்; அந்தக் கேள்வியில் புலவரின் கம்பீரம் கொஞ்சம் சரியும்; சரிந்த இடத்திலிருந்து கதை வேறு வேகத்தில் கிளம்பும். இருவரும் ஒரே தரையில் ஒரே மொழியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சபைக்கு அவர் மொழிபெயர்ப்பாளர் அல்ல. சபையின் ஆள், மேடையில் உட்கார்ந்திருப்பவர். உருளைகுடிக்காரரான சோ. தர்மன் வில்லிசை வேந்தர் பிச்சைக்குட்டியைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் ஒருவர் வில்லுப்பாட்டுக்காரரைத் தேடிப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. கதைசொல்லலில் இரண்டாவது குரலை எங்கே உட்காரவைப்பது என்பது நாவலாசிரியனின் தலைவலியுமாகும்.

இந்தத் தலைவலிக்கு இந்த மண்ணில் கிடைத்த பதில்களை நாம் மறந்துகொண்டு வருகிறோம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். வட்டார எழுத்து என்ற பெயரில் முதலில் நடந்தது என்ன? பாத்திரங்கள் கொச்சையில் பேசும். மேற்கோள் குறி மூடியவுடன் ஆசிரியர் சுத்தத் தமிழில் வந்து அவர்களைப் பற்றி நமக்குச் சொல்வார். கொச்சை உணர்ச்சிக்கு, செந்தமிழ் சிந்தனைக்கு. 'ரக்ஷக்'கின் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள அதே ஏற்பாடு. கி. ராஜநாராயணன் செய்த காரியத்தின் பெருமை கரிசல் சொற்களைச் சேகரித்ததில் இல்லை. 1982இல் அவர் அகராதி போட்டார் என்பது வேறு விஷயம். மேற்கோள் குறியை அவர் எடுத்துவிட்டார் என்பதே முக்கியம். 'கோபல்ல கிராம'த்தில் (1976) கதை சொல்கிறவரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மேலே நின்று விளக்க ஆள் இல்லை. பூமணியின் 'வெக்கை' (1982) இன்னொரு திசை. கொலை செய்துவிட்டு ஓடுகிற பையனின் பசிக்கும் தாகத்துக்கும் முள்ளுக்கும் வெளியே அந்த நாவல் ஓர் அடி எடுத்துவைப்பதில்லை. ஏன், எதற்கு என்று ஒரு பிரசங்கம் இல்லை. அது 'அசுரன்' (2019) என்று திரைப்படமானபோது சரித்திரமும் காரணங்களும் சேர்க்கப்பட்டன, ஜனங்களுக்குப் புரியவேண்டுமாம். நாவல் யாருக்குப் புரியாமல் இருந்தது?

இன்று எழுதவரும் இளைஞர்கள் பலர் மறுபடியும் மேற்கோள் குறியைப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். முன்பு செந்தமிழ் உட்கார்ந்த இடத்தில் இப்போது கோட்பாட்டுத் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. கிழவி இரண்டு வரி பேசுகிறாள். அடுத்த பத்தியில் கிழவி ஒரு குறியீடாகிவிடுகிறாள். டில்லிக்காரர்களுக்கு நான் சொல்வது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆங்கிலம் இல்லாமல் உலக மேடை கிடைத்திருக்குமா என்று கேட்கலாம். வாக்கனில் கூடிய ஜெர்மானியர்களுக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அங்கே கூட்டம் குதித்ததும் கூடச் சேர்ந்து கத்தியதும் ஆங்கிலச் சரணங்களுக்கு அல்ல, புரியாத பல்லவிகளுக்கு. புரியவைக்க வந்த குரலைத் தாண்டிக்கொண்டு புரியாத குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலமும் இந்தியர்களின் மொழிதானே, டில்லிப் பையன் ஒருவனின் இயல்பான பேச்சு அதுதானே என்பது இன்னும் நேர்மையான வாதம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த ஆங்கிலம் டில்லி ஆங்கிலமாக இருக்கட்டும். பஸ்ஸிலும் காலேஜ் வாசலிலும் இந்தியோடு முழங்கை இடித்துக்கொள்ளும் ஆங்கிலமாக இருக்கட்டும். கெரின் ஆங்கிலம் பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஊக்கம் ஊட்டுகிற ஆங்கிலம். பதூலாவின் உறுமலுக்கு ஊர் இருக்கிறது.

தமிழர்களின் பக்கம் திரும்பினால் சிங்கப்பூரில் 'ருத்ரா' என்ற குழு 1992இலிருந்து மெட்டல் வாசித்து வருகிறது. தமிழர்கள்தாம். ஆனால் பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம், மந்திரம் வருமிடங்களில் சமஸ்கிருதம். ஒன்று விளக்க, ஒன்று பூஜிக்க. கத்துவதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. இதற்கு நேர் எதிரான உதாரணம் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அது மெட்டல் அல்ல. கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்தது. பிரசாரம் அங்கேயும் தாராளமாக உண்டு. ஆனால் கானாக் குரலுக்கு ராப் குரல் உரை எழுதவில்லை. இரண்டும் ஒரே சேரித் தமிழில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. குரல்களுக்குள் அந்தப் போட்டி இருப்பதால் கோஷம் கோஷமாக மட்டும் தங்கிவிடுவதில்லை.

'ரக்ஷக்'கில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு தொண்டைகளும் சமதரையில் உட்காருகின்றன. 'யாத்' என்ற பாட்டு. நினைவு என்று பொருள். இழந்துபோன ஒன்றைப் பற்றியது. பதூலா இங்கே உறுமலைக் குறைத்துப் பாடுகிறார். கெர் யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. அவருக்கும் இழப்பு நேர்ந்திருக்கிறது போலிருக்கிறது. விளக்குகிறவர் தானும் துக்கத்தில் இருக்கும்போது விளக்கம் எழவில்லை. ஆங்கிலம் இந்தியின் அருகில் வெறுமனே நிற்கிறது. தொகுப்பில் நான் திரும்பக் கேட்பது இதைத்தான்.

2025 மார்ச்சில் 'நு டெல்லி' வந்தது, இந்த முறை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் வெளியீடாக. உபதேசம் குறைந்திருக்கிறது, ஊர் கூடியிருக்கிறது. 'தட்கா' என்று சாப்பாட்டைப் பற்றியே ஒரு பாட்டு. வேலைப் பிரிவினை மட்டும் பெரும்பாலும் பழையதே. விலக்கு, ஜப்பானின் 'பேபிமெட்டல்' பெண்கள் வந்து சேர்ந்துகொள்கிற 'பேகௌஃப்'. ஜப்பானிய மொழி ஒரு பக்கம், இந்தி மறுபக்கம். ஒன்றுக்கு மற்றது புரியாது, இரண்டும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கிச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை.